ங்க இல்லாத ஒரு சொல்

எனக்கு வயது எழுபத்து நான்கு. வளர்த்தது நான்கு பேரை. மூன்று நான் பெற்றது, ஒன்று என் தங்கை விட்டுவிட்டுப் போனது. நான்கு பேரும் இன்றைக்கு அவரவர் வீட்டில் அவரவர் சோற்றைத் தின்கிறார்கள். யாரும் யார் வாசலிலும் கைகட்டி நிற்கவில்லை. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். பெருமையாகச் சொல்ல என்னிடம் வேறு அதிகம் கிடையாது, இது போதும்.

இங்கே சொல்லப்போவது கடைசி மகளின் மகளைப் பற்றி. பெரியநாயக்கன்பாளையத்தில் மெயின் ரோட்டை விட்டு உள்ளே வந்தால் எங்கள் வீடு. மருமகன் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் பாதி நாள் வடக்கே இருப்பார். அதனால் வீட்டில் நான், மகள், பேத்தி என்று மூன்று பெண்கள்தான். பேத்தி இன்ஜினியரிங் கடைசி வருடம், எலக்ட்ரானிக்ஸ் படிப்பு. எழுதும்போது அவள், இவள் என்று வருகிறது. நேரில் ஒருநாளும் நான் அவளை அப்படிச் சொன்னதில்லை.

படிப்போடு அவள் பளு தூக்கவும் செய்தாள். முதன்முதலில் அதைச் சொன்னபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"தூக்கி எங்க கொண்டுபோய் வெக்கறீங்க கண்ணு?" என்று கேட்டேன்.

"எங்கயும் இல்லீங்க அம்மிச்சி. தலைக்கு மேல தூக்கிப்போட்டு, திருப்பி அங்கயே கீழ போட்டர்றதுதான்."

"அப்பறம் எதுக்குங்க தூக்கறது?"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. நானும் வாழ்நாளெல்லாம் தூக்கினவள்தான். தூக்கினால் கொண்டுபோய் வைக்க ஓர் இடம் இருக்கும், அங்கே ஒரு ஆள் நின்று சீக்கிரம் சீக்கிரம் என்பான். சும்மா தூக்கிச் சும்மா போடுவதற்குக் கல்லூரியில் ஒரு கூடம் கட்டி வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் புதிது. ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டினாள். இரும்புக் கம்பி, அதைப் பார் என்கிறார்கள். இரண்டு பக்கமும் கறுப்பு ரப்பர் தட்டுகள். அவள் குனிந்து பிடித்தாள், ஒரு மூச்சில் தோளுக்குக் கொண்டுவந்தாள், இன்னொரு மூச்சில் தலைக்கு மேலே. கை நடுங்காமல் நின்றாள். அந்த நிற்பைப் பார்த்த பிறகு எதற்கு என்று நான் கேட்டதில்லை.

போன வருடம் அவளுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. பாரைத் தரையிலிருந்து இழுக்கும்போது அது இடுப்புக்குக் கீழேயே நின்றுவிட்டது. விட்டுவிட வேண்டியதுதானே, விடவில்லை. முதுகை வளைத்து எப்படியாவது மேலே கொண்டுவந்துவிடலாம் என்று பார்த்திருக்கிறாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பேர் தாங்கி வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். தை மாதம் முழுவதும் பாயிலேயே கிடந்தாள். கக்கூசுக்குப் போக என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் போனாள்.

அவளுக்குச் சொல்லித்தருகிற கோச் வீட்டுக்கு வந்து பார்த்தார். "பலம் இருக்குதுங்கம்மா. விடத்தான் தெரியல. எல்லாரும் தூக்கக் கத்துக்க வருவாங்க, இந்தப் பொண்ணுக்கு நான் போடக் கத்துக்குடுக்க வேண்டியிருக்குது" என்றார்.

டாக்டர் இந்தமுறை தப்பித்தது என்றும் இன்னொருமுறை இப்படி ஆனால் கஷ்டம் என்றும் சொன்னார். கஷ்டம் என்றால் என்ன என்று என் மகள் கேட்டாள். டாக்டர் சொன்னதை அவள் எனக்கு முழுதாகச் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் பேத்தியின் ஷூவை எடுத்துப் பரணில் போட்டுவிட்டாள்.

எங்கள் வீட்டில் கோபம் வந்தால் மரியாதை குறையாது, கூடும். மகள் சொன்னாள்: "போதுங்க அம்மணி. இத்தோட நிறுத்திக்கங்க. படிச்சு வேலைக்குப் போங்க. எனக்கு நிமிந்து நடக்கற புள்ளைதான் வேணுமுங்க."

பேத்தி அழவில்லை. மோட்டுவளையைப் பார்த்துப் படுத்துக்கொண்டே சொன்னாள்: "மறுபடியும் அப்படி ஆகாதுன்னு காட்டினா உடுவீங்களா?"

"எப்படிக் காட்டுவீங்க?"

"காட்டறேனுங்க."

"கண்ணுல காட்டுங்க. அப்பறம் பாக்கலாம்."

அப்படித்தான் அந்த ப்ராஜெக்ட் ஆரம்பித்தது. கடைசி வருடத்தில் பிள்ளைகள் மூன்று நான்கு பேராகச் சேர்ந்து ஏதாவது ஒரு கருவி செய்து காட்ட வேண்டுமாம். இவளும், கண்ணாடி போட்ட ஒரு பையனும், பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கிற ஒரு பெண்ணும் சேர்ந்தார்கள். பாரின் ஓரத்தில் மாட்டுகிற மாதிரி ஒரு சின்னப் பெட்டி. அதற்குள் சென்சார் என்று ஒரு சில்லு. பார் எவ்வளவு வேகமாக மேலே போகிறது, எங்கே தயங்குகிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்று அதற்குத் தெரியுமாம். தூக்குகிற ஆள் தோற்கப்போகிறாள் என்று அவளுக்கே தெரிவதற்கு முன்னால் அதற்குத் தெரிந்துவிடும். உடனே செல்போனுக்குச் சொல்லும், செல்போன் சத்தம் போடும். சத்தம் கேட்டால் விட்டுவிட வேண்டும். இவ்வளவுதான்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு சாளை உண்டு. அதில்தான் வேலை நடந்தது. கோச் ஒரு பழைய பாரும் தட்டுகளும் கொடுத்து உதவினார். தரைக்கு ரப்பர் பாய் விரித்தார்கள். பையன் காந்திபுரத்தில் கடை கடையாக ஏறி இறங்கிச் சில்லும் ஒயரும் வாங்கிவந்தான். முதல் பெட்டி என்னுடைய சோப்பு டப்பா. பார் கீழே விழுகிற அதிர்ச்சியில் அது இரண்டாகப் பிளந்தது. அடுத்ததும் என் டப்பாதான். அதற்குள்ளே பஞ்சு வைத்தார்கள், டப்பா நின்றது, ஒயர் அறுந்தது. பாலக்காட்டுப் பெண் கீழே உட்கார்ந்து ஈயம் உருக்கி ஒயரை ஒட்டவைப்பாள், பையன் தூக்கிப் போடுவான், மறுபடி அறும். அந்தப் பெண் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

பேத்திக்கு அப்போது பாரைத் தொட அனுமதி இல்லை. பையன்தான் தூக்குவான். தட்டு மாட்டாத வெறும் பாருக்கே அவனுக்கு மூச்சு வாங்கும்.

"ஏனுங்க சாமி, சித்தே உக்காருங்க, மோர் கொண்டாரேன்" என்பேன்.

"அம்மிச்சி, இந்த ஊட்டுல நீங்க மட்டுந்தான் என்னைய ஆம்பளைன்னு மதிக்கறீங்க" என்பான்.

பாலக்காட்டுப் பெண் தலையைத் தூக்காமலே சொல்லுவாள்: "நேத்து அம்மிச்சி பூனையைக்கூட வாங்க, சாப்பிடுங்கன்னுதான் கூப்பிட்டாங்க. நீ அதிகம் துள்ளாதே."

இப்படியாகக் கருவி ஒருவழியாக உடையாமல் நின்றது. அதன் பிறகுதான் சிக்கலே வந்தது. மகளிடம் கெஞ்சி, குறைந்த பளுவோடு பேத்தி தூக்குவதற்கு அனுமதி வாங்கினார்கள். தோற்கிற மாதிரிப் பாதியில் நிறுத்தச் சொன்னார்கள். செல்போன் பீப் பீப் என்றது. பேத்தி விடவில்லை.

"கேட்டுச்சா இல்லியா?" என்றான் பையன்.

"கேட்டுச்சு."

"அப்பறம் ஏன் உடல?"

"யாருக்கோ அடிக்கற மாதிரி இருந்துச்சு."

பையன் தலையில் கைவைத்துக்கொண்டான். பீப்புக்குப் பதில் மனிதக் குரலை வைத்துப் பார்த்தார்கள். இங்கிலீஷில் ஒரு பெண் ஸ்டாப் என்றாள், இவள் கேட்கவில்லை. கல்லூரிக் கூடத்தில் நாலு பேர் நாலு பக்கம் கத்திக்கொண்டுதான் இருப்பார்கள், பழகிப்போயிற்று என்றாள். பையன் குரலை வைத்தார்கள், இவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நீ யார் பேச்சைத்தான் கேப்ப?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

பேத்தி கொஞ்சம் யோசித்து என்னைப் பார்த்தாள். "அம்மிச்சி சொன்னாக் கேப்பேன்."

எனக்கு அது பெருமைதான், மறைக்க மாட்டேன். பையன் செல்போனை என் வாய்க்கு நேரே பிடித்தான். "போதுங்க கண்ணு, கீழ வெச்சுருங்க" என்று சொன்னேன். நன்றாகத்தான் சொன்னேன். பதிந்ததைப் போட்டுக் காட்டினார்கள். என் குரல் இப்படியா இருக்கும் என்று எனக்கே ஆச்சரியம்.

அதை வைத்துத் தூக்கிப் பார்த்தார்கள். பையன் கம்ப்யூட்டரில் கோடு கோடாக எதையோ பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான்: "அம்மிச்சி, கோவிச்சுக்காதீங்க. நீங்க 'போதுங்க'ன்னு ஆரம்பிக்கறப்பவே பார் கீழ வர ஆரம்பிச்சிருச்சு. நீங்க 'கண்ணு'ங்கறப்ப இவ முதுகு வளைஞ்சாச்சு. 'வெச்சுருங்க'ன்னு நீங்க முடிக்கறதுக்குள்ள நாங்க இவளை ஆஸ்பத்திரியில சேத்திருப்போம்."

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு பையன் சொன்னான்: "ஒரே ஒரு சொல். வெசையா, அதட்டி. ங்க வேண்டாம் அம்மிச்சி. அந்த ங்கவுலயே பாதி நேரம் போயிருது."

நான் முடியாது என்றேன். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்து அவன் இன்னொருமுறை கேட்டான். இன்னொருமுறையும் முடியாது என்றேன். பேத்தி அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவளுக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. அதனால் நான் சொன்னேன்.

என் அப்பனும் அம்மாளும் அன்னூருக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலைக்கு இருந்தார்கள். எங்கள் சீமை மரியாதைக்குப் பேர்போன சீமை. பஸ்ஸில் இடம் கேட்டாலும் ஏனுங்க என்றுதான் கேட்பார்கள். ஆனால் அந்த ங்க எங்கள் தெரு முனை வரைக்கும் வந்து நின்றுவிடும். தோட்டத்துக்குச் சொந்தக்காரரான பண்ணாடி வீட்டில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் நாங்கள் வாங்க சாமி, போங்க சாமி என்று சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளைக்குப் பேச்சு வந்ததும் என் அப்பனைப் பேர் சொல்லி வாடா என்று கூப்பிடும். என் அப்பனுக்கு அப்போதே தலை நரைத்துவிட்டது. கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்து இரும்பு வார்க்கிற பவுண்டரியில் மண் சுமந்தேன். அச்சுக்குப் போடுகிற கறுப்பு மண், ஈரமாக இருந்தால் கனம் கழுத்தை இறக்கிவிடும். அங்கேயும் ஏ, இவளே, தூக்கு. வயிற்றில் பிள்ளை இருந்தபோதும் தூக்கு.

என் மூத்த பிள்ளை பேச ஆரம்பித்தபோது நான் அவனிடம் வாங்க சாமி என்றுதான் பேசினேன். பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள். "பெரிய பண்ணாடி மகன் பாரு, இவ ஊட்டுல பொறந்திருக்கறான்" என்றாள். சிரிக்கட்டும் என்று விட்டேன். வெளியில் யார் எப்படிக் கூப்பிட்டாலும் என் பிள்ளைகளை வீட்டுக்குள் ஒருவர் மரியாதையாகக் கூப்பிட்டிருக்க வேண்டும். அப்போதுதான் வெளியில் ஒருவன் மரியாதை இல்லாமல் கூப்பிட்டால் அது தப்பு என்று காதுக்குத் தெரியும். நான்கு பேரையும் அப்படித்தான் வளர்த்தேன். அடித்திருக்கிறேன், பட்டினி போட வேண்டிய நாளும் வந்திருக்கிறது. ஆனால் வாடி, போடா என்று என் வாயிலிருந்து வந்ததில்லை.

பாலக்காட்டுப் பெண் ஈயக் கோலை ஓரமாக வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். பையன், "வேண்டாம் அம்மிச்சி, வேற வழி பாத்துக்கறோம்" என்றான்.

வேறு வழி என்று அவர்கள் கண்டுபிடித்தது அந்தப் பெண்ணின் குரல். கீழே போட்டுவிடு என்பதற்குப் போடு என்ற ஒரு சொல் போதும் என்று முடிவுசெய்தார்கள். நல்ல கணீரென்ற குரல். நானும் சரி என்றுதான் நினைத்தேன்.

அன்றைக்குத் தட்டுகள் கொஞ்சம் கூட. பேத்தி குனிந்து இழுத்தாள். பார் முழங்காலைத் தாண்டித் தயங்கியது. செல்போன் "போடு!" என்றது. இவள் பல்லைக் கடித்துக்கொண்டு முன்னிலும் வேகமாக இழுத்தாள். பார் ஒரு பக்கம் சாய்ந்து, பாயை விட்டு வெளியே போய், துவைக்கிற கல்லில் இடித்து விழுந்தது. இவள் முழங்கால் சிராய்த்துச் சிமெண்டில் உட்கார்ந்திருந்தாள்.

"போடுன்னு சொல்லுச்சே, ஏன் போடல?" என்று பையன் கத்தினான்.

"அப்படிப் போடுன்னு சொல்றாப்புல இருந்துச்சுடா!" என்றாள் அவள். "மேட்ச்ல எல்லாருமே அப்படித்தானே கத்துவாங்க. போடு, போடுன்னு."

அது உண்மைதான். சடுகுடு ஆடுகிற இடத்தில், தேர் இழுக்கிற இடத்தில், எங்கே போனாலும் போடு என்றால் விடாதே என்றுதான் எங்கள் காதுக்கு அர்த்தம். அத்தனை பேர் உட்கார்ந்து யோசித்தும் அது ஒருவருக்கும் தோன்றவில்லை. பாலக்காட்டுப் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள்.

சத்தம் கேட்டு மகள் சாளைக்கு வந்தாள். முழங்காலில் ரத்தத்தைப் பார்த்தாள், கல்லில் விழுந்த வெட்டைப் பார்த்தாள். "எல்லாரும் சாப்புட்டுப் போங்க கண்ணுகளா. நாளையிலிருந்து இதெல்லாம் இங்க வேண்டாமுங்க" என்றாள். அதட்டவே இல்லை. பிள்ளைகள் தலைகுனிந்து சாப்பிட்டார்கள். பேத்தி சாப்பிடவில்லை. ஒயரைச் சுருட்டி டப்பாவுக்குள் வைத்து, டப்பாவை மூடி, அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதுகு பிடித்துப் படுத்திருந்தபோது இல்லாத முகம் அது. இது போனால் இவளிடமிருந்து என்ன போகும் என்று எனக்கு அப்போதுதான் பட்டது.

நான் கட்டிலில் உட்கார்ந்து யோசித்தேன். என் முதுகைப் பற்றி யோசித்தேன். நான் நிமிர்ந்து நடந்து பல வருடம் ஆகிறது. பவுண்டரியில் ஒருநாள், மழைக்காலம், மண் ஊறிக் கிடந்தது. சட்டியைத் தலைக்குத் தூக்கும்போது இடுப்பில் சுளீர் என்றது. நான் அப்போதே சட்டியைக் கீழே போட்டிருந்தால் சரியாகியிருக்கும். போடவில்லை. போடலாம் என்று எனக்குத் தெரியவே தெரியாது. தூக்கு என்று சொன்னவர்கள் எத்தனையோ பேர். விட்டுவிடு என்று சொன்னவர் ஒருவரும் இல்லை. அன்றைக்கு யாராவது ஒருவர், மரியாதை இல்லாமலே கூடப் போகட்டும், அந்த ஒரு சொல்லைக் கத்தியிருந்தால் நான் கோபித்துக்கொண்டிருப்பேனா? மாட்டேன். கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்.

மறுநாள் அந்தப் பிள்ளைகளை வரச் சொன்னேன். மகளிடம், "இன்னும் ஒருக்கா பாக்கட்டுங்க அம்மணி, எம் பேச்சுக்காக" என்றேன். அவள் சமையலறைக்குப் போனாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

"சொல்றேனுங்க சாமி. என்ன சொல்லோணும்?" என்று பையனிடம் கேட்டேன்.

"விடுன்னு சொல்லுங்க அம்மிச்சி."

"விடுன்னு எம் வாயில வராது. நாங்க உடுன்னுதான் சொல்றது."

"அதையே சொல்லுங்க."

செல்போனை நீட்டினான். நான் மூச்சு இழுத்து, "உடுங்க" என்றேன்.

பேத்தி சிரித்தாள். "அம்மிச்சி, ங்க வந்திருச்சு."

இன்னொருமுறை. மறுபடியும் ங்க ஒட்டிக்கொண்டு வந்தது. அடுத்தமுறை ங்கவை விழுங்கினேன், ஆனால் கண்ணு வந்துவிட்டது. பாலக்காட்டுப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். "யாரையாவது நெனச்சுக்கங்க அம்மிச்சி. கோபம் வர்ற ஆளா" என்றான் பையன். கோபத்தில் சொன்னால் இன்னும் ங்கதான் கூடும் என்று அவனுக்குத் தெரியவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஈர மண் சட்டியைத் தூக்குகிற ஒரு சின்ன வயசுக்காரியை நினைத்தேன். வயிற்றுப்பிள்ளையோடு இருந்தாள். அவளுக்கு என் மரியாதை வேண்டியதில்லை.

"உடு!" என்றேன்.

உள்ளே சமையலறையில் தட் என்று ஒரு சத்தம். நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தால் மகள் நடுவில் நிற்கிறாள், காலடியில் குழம்புச் சட்டி கவிழ்ந்து கிடக்கிறது, குழம்பு இல்லாமல் போயிற்று அன்றைக்கு. அவள் கை இரண்டும் விரிந்தபடியே இருந்தன.

"என்னாச்சுங்கம்மா?" என்றாள் வெளிறிப்போய். "என்னையவா சொன்னீங்க? நான் என்ன பண்ணினேன்?"

அவளுக்கு நாற்பத்தைந்து வயதாகப்போகிறது. பிறந்ததிலிருந்து அப்படி ஒரு சொல்லை அவள் என்னிடம் கேட்டதில்லை. பையன் செல்போனைத் தூக்கிக் காட்டிக்கொண்டு, "போதும், போதும், இது போதும்" என்று குதித்தான். நான் மகளின் கையைப் பிடித்து, உங்களையில்லை என்று சொன்னேன். பிறகு நாங்கள் எல்லோருமாகத் தரையைத் துடைத்தோம்.

கல்லூரியில் ஆசிரியர்கள் பார்க்கிற நாளன்று மகளும் நானும் டவுன் பஸ் பிடித்துப் போனோம். கூடத்துக்குள் மகள் உட்காரவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவோரமாக நின்றாள், எந்நேரமும் கிளம்பிவிடுகிற மாதிரி. பெட்டி இப்போது சோப்பு டப்பா இல்லை, இயந்திரத்தில் அச்சடித்து எடுத்த கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி, பாரின் ஓரத்தில் இறுக்கமாக உட்கார்ந்திருந்தது. பையன் இங்கிலீஷில் ஏதோ விளக்கினான். முதலில் குறைந்த பளுவைப் பேத்தி தூக்கினாள். கருவி ஒன்றும் பேசவில்லை. நன்றாகத் தூக்கும்போது அது பேசாது.

அப்புறம் தட்டுகளைக் கூட்டினார்கள். போன வருடம் அவளைப் பாயில் போட்டது அதே அளவு பளு என்று கோச் சொன்னார். கோச் பாருக்குப் பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டார். மகள் கதவிலிருந்து இரண்டடி உள்ளே வந்தாள்.

பேத்தி கையில் வெள்ளை மாவைத் தேய்த்துக்கொண்டாள். குனிந்து பிடித்தாள். பார் எழுந்தது, முழங்காலைத் தாண்டியது, தொடை நடுவில் வந்து நின்றது. கழுத்து நரம்பு புடைத்தது. அவள் முதுகு ஒரு விரற்கடை வளைந்தது. அந்த வளைவு எனக்குத் தெரியும். நான் வாயைத் திறந்தேன், ஆனால் எனக்கு முன்னால் என் குரல் கேட்டது.

"உடு!"

அவள் கைகள் திறந்துகொண்டன. பார் விழுந்து எகிறி அடங்கியது. அவள் ஓரடி பின்னால் தள்ளி நிமிர்ந்து நின்றாள்.

மகள் நேராக அவளிடம் போனாள். ஆசிரியர்கள் நிற்கிறார்களே என்று பார்க்கவில்லை. "வலிக்குதுங்களா?"

"இல்லீங்கம்மா."

"குனியுங்க."

பேத்தி குனிந்தாள். மகள் அவள் முதுகெலும்பை மேலிருந்து கீழே ஒவ்வொரு கணுவாக அழுத்திப் பார்த்தாள். "நிமிருங்க" என்றாள். நிமிர்ந்தாள். மகள் அவள் கையிலிருந்த வெள்ளை மாவைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு, "சரி, தூக்குங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

வயதான ஆசிரியர் ஒருவர் என்னைக் காட்டி இந்தக் குரல் இவர்களுடையதா என்று கேட்டார். ஆமாம் என்றார்கள். இந்தப் பெண் கேட்கிறாள், வேறு ஒருவர் தூக்கினால் இந்தக் குரலைக் கேட்டு விடுவார்களா என்றார். நியாயமான கேள்வி. அவரவருக்கு அவரவர் வீட்டுக் குரலைப் பதிந்துகொள்கிற மாதிரிச் செய்யுங்கள் என்று அவரே சொல்லிக்கொடுத்தார். அங்கே நின்ற ஒரு தடித்த பையன், "சார், எங்கம்மா குரலை வெச்சா நான் பாரையும் உட்டுட்டுக் காலேஜையும் உட்டுட்டு ஓடிருவேன்" என்றான். அதற்குப் பிறகுதான் கூடத்தில் சிரிப்புச் சத்தம் வந்தது.

பேத்தி இப்போது மறுபடியும் காலையில் பயிற்சிக்குப் போகிறாள். ஷூவைப் பரணிலிருந்து மகளே எடுத்துக் கொடுத்தாள். கருவியில் இன்னும் வேலை இருக்கிறதாம், செய்துகொண்டிருக்கிறார்கள். அவரவர் வீட்டுக் குரலை வைக்க வழி செய்துவிட்டார்கள். ஆனால் விடுதியில் இருக்கிற ஒரு சின்னப் பெண்ணுக்கு அப்படிச் சொல்ல வீட்டில் யாரும் இல்லையாம், என் குரலே இருக்கட்டும் என்று கேட்டாளாம். கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன். ஆக, நான் முகம் பார்க்காத பிள்ளைகளிடமும் என் குரல் அந்த ஒரு சொல்லைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

அதுதான் என்னை எழுத உட்கார வைத்தது. நான் எழுத்துக்கூட்டி எழுதுகிறவள், இதை எழுதி முடிப்பதற்குள் ஒரு மாரிக்காலம் போய்விட்டது. எழுபத்து நான்கு வருடம் பேசியிருக்கிறேன். அதில் இயந்திரத்துக்குள் போய் உட்கார்ந்தது, நான் யாரிடமும் பேசாத ஒரு சொல். நாளைக்கு நான் இல்லாதபோது அதைக் கேட்கிற பிள்ளை, இந்தக் கிழவி எல்லோரையும் இப்படித்தான் அதட்டிக்கொண்டு திரிந்தாள் என்று நினைத்துவிடக் கூடாது. அந்தச் சொல் எப்படி வந்தது என்பதும் எங்கேயாவது இருக்க வேண்டும். எழுதியாகிவிட்டது. எழுதியதை மறுபடி கூட்டிப் படிக்க என் கண்ணுக்குத் தெம்பு இல்லை.

பேத்தி பயிற்சி முடிந்து இப்போதுதான் வந்து முகம் கழுவிக்கொண்டிருக்கிறாள்.

"ஏனுங்க கண்ணு, சாப்புட்டுப்போட்டு இப்படிச் சித்தே வந்து உக்காருங்க. நான் எழுதினதைப் படிச்சுக் காட்டுங்க. வெசையா வேண்டாம், மெதுவாவே படிங்க."